முள் ஏறியது, நான் குனிந்தேன்

எங்கள் மலையூரான மஞ்சூரில் ஒரு பழக்கம் உண்டு. கொண்டை ஊசி வளைவில் பஸ் திணறி நடுங்கினால், டிரைவரைத் தவிர எல்லோரும் முன்பக்கம் குனிவோம். குனிந்தால் பஸ் ஏறும். (இதுவரை ஒருமுறைகூட ஏறாமல் இருந்ததில்லை.) இந்த நம்பிக்கையோடு நான் விமானம் ஓட்டப் போனதுதான் தப்பு.

விமானம் ஓட்டப் படிக்கப் போகிறேன் என்றதும் பெரியப்பா, "ஒரே மாசத்துல பொட்டியத் தூக்கிட்டு ஊட்டுக்கு வந்துருவா, பாருங்க" என்று தேயிலை பாக்டரி முழுக்கச் சொல்லி வைத்தார். அதற்காகவே திரும்பக் கூடாது என்றிருந்தேன். பயிற்சியில் ஒருநாள் சோதனை வந்தது. தேறினால் தனியாகப் பறக்க அனுமதி, தேறாவிட்டால் பெட்டி.

ஓடுபாதையில் ஒழுங்காக இருந்த வேகமானி முள், விமானம் மேலே ஏற ஏறத் தானும் ஏறியது. கைக்கோலை இழுத்து விமானத்தின் மூக்கைத் தூக்கினால் வேகம் குறையும் என்பது பாடம். தூக்கினேன். முள் இன்னும் ஏறியது. இன்னும் தூக்கினேன். (எனக்கா விட்டுக்கொடுக்கத் தெரியும்?) காற்றின் இரைச்சல் அடங்கியது. கையிலிருந்த கோல் தளர்ந்தது. விமானம் கடகடவென நடுங்க, எச்சரிக்கை ஹாரன் அலறியது. முள்ளோ அமோக வேகம் என்றது.

நடுக்கம் கண்டதும் உடம்பு தன் வேலையைச் செய்தது. கோலை நெஞ்சோடு இழுத்துப் பிடித்தபடியே முன்னால் குனிந்தேன்.

விமானத்தின் மூக்கு தொப்பென்று விழுந்தது. பக்கத்திலிருந்த பயிற்சியாளர் கோலைப் பிடுங்கி முன்னே தள்ளி, வேகம் பிடித்துக் காப்பாற்றினார்.

"எதுக்கும்மா குனிஞ்சே?"

"மேல ஏறட்டும்னுங்க சார்."

இறங்கிப் பார்த்தால், எதிர்க்காற்றை வாங்கி முள்ளுக்கு வேகம் சொல்லும் குழாயைக் கிளம்பிய பின் புகுந்த பூச்சி அடைத்திருந்தது. உள்ளே சிக்கிய காற்றுதான், உயரம் ஏற ஏற முள்ளையும் ஏற்றியிருக்கிறது. ஆனாலும் அவர் விடவில்லை. "சத்தம் செத்துப்போச்சு, கோல் கொழகொழன்னு ஆச்சு, சீட்டே நடுங்குது. காத்து இறக்கையக் கைவிட்டுருச்சுன்னு விமானமே கத்திச் சொல்லுது, நீ முள்ளைப் பாக்கறே! ஊருக்குக் கிளம்பு."

வெட்கத்தில் காது சுட்டது. பெரியப்பாவின் முகம் வேறு கண்ணில் வந்து நின்றது.

"போக மாட்டேனுங்க. அந்த முள்ள காயிதம் ஒட்டி மூடுங்க. அது இல்லாமயே ஓட்டறேன்."

குழாயைச் சுத்தம் செய்துவிட்டு, மறுநாள் முள்ளின்மேல் காகிதம் ஒட்டினார். ஓட்டினேன், காதாலும் கையாலும் இருக்கையாலும். நடுக்கம் லேசாகத் தொடங்கியபோதே கோலை முன்னே தள்ளினேன். அனுமதி கிடைத்தது.

இதை ஊரில் சொன்னது இரண்டாவது தப்பு. இன்றும் மஞ்சூர் பஸ் வளைவில் நடுங்கினால், பெரியப்பா முன் சீட்டிலிருந்து திரும்பி, "அம்முணி, நீ மட்டும் குனியாத! பஸ்ஸு வுழுந்துரும்!" என்பார். பஸ்ஸே சிரிக்கும்.

நான் அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே குனிவேன். பஸ் ஏறும்.