நூதனசாலைக் கதிரையில் நான் சிலையான கதை

காத்தான்குடி,
வெள்ளிக்கிழமை, அஸருக்குப் பிறகு.

அன்புள்ள தங்கச்சி சபீனாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் உன் மதினியும் உன் மகள் நஸ்ஹாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். குவைத்தில் உன்னுடைய சுகமும், நீ வேலை செய்யும் வீட்டாரின் சுகமும், அந்த வீட்டுப் பூனையின் சுகமும் இவ்வாறே அமைய துஆச் செய்கிறேன். இக்கடிதத்தை, லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்புகிற தம்பி றிப்ஷான் கையோடு கொண்டுவருவார். ஃபோனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ பாதியில் அழத் தொடங்குவாய், நான் சிரிக்கத் தொடங்குவேன், கதை முடியாது.

விடயம் நஸ்ஹாவைப் பற்றியது. பயப்படாதே. நஸ்ஹாவின் வாப்பா மவுத்தாகி, நீயும் வெளிநாடு போனதிலிருந்து பிள்ளை வெளியாட்களோடு வாய் திறப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். இந்தப் பள்ளிக்கூட விடுமுறைக்கு, வாவிக்கரையில் பழைய சாமான்களைக் காட்சிக்கு வைத்திருக்கிற சின்ன நூதனசாலையில் வசதி குறைந்த பிள்ளைகளுக்கு நாலு நாள் இலவச நிகழ்ச்சி என்று நோட்டீஸ் வந்தது. களிமண்ணில் பானை செய்யலாம், படம் கீறலாம், மத்தியானச் சாப்பாடும் உண்டு. எனக்கு ரோசம் வந்துவிட்டது. "நாங்க என்ன வசதி குறைஞ்ச ஆக்களா?" என்று உன் மதினியிடம் கேட்டேன். அவள் நான் இருந்த பிளாஸ்டிக் கதிரையின், கயிறு போட்டுக் கட்டின காலை ஒருதரம் பார்த்தாள். அடுத்தநாளே பிள்ளையை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன்.

மூன்று நாளும் நஸ்ஹா பானை செய்தாள். ஒரு சொல் பேசவில்லை. நிகழ்ச்சியை நடத்துகிற பியோனா மிஸ், டவுன் பக்கத்துப் பறங்கிக் குடும்பத்துப் பிள்ளை, நல்ல மனம், "நாளைக்கு ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பழைய சாமானுக்குப் பக்கத்தில் நின்று, வாறவங்களுக்கு விளக்கம் சொல்லவேணும் அங்கிள். இவள் கதைப்பாளா?" என்று கவலையோடு கேட்டாள். நஸ்ஹாவுக்குக் கொடுத்தது ஒல்லாந்தர் காலத்துச் சாய்மனைக் கதிரை. நீட்டுக் கை, பிரம்புப் பின்னல்.

கடைசி நாள் பிள்ளைய ஏத்த வெள்ளனவே போயிட்டன். ஸுபஹுத் தொழுகைக்கு முதல்லருந்து ஓட்டோவில ஹயர் ஓடின களை. எல்லாரும் சாப்பாட்டு அறையில. இந்தக் கதிரைக்கு நேர மேல ஃபேன் சுத்துது. முன்னுக்குக் கட்டியிருந்த கயிறையும் கண்டனான், இல்லையெண்டு சொல்லல்ல. ஆனா கண் சொருகின மனிசனுக்குக் கயிறென்ன, கம்பியென்ன? தாண்டிப்போய்ச் சாஞ்சிட்டன்.

கண் முழிச்சா கதச் சத்தம். கொழும்பிலருந்து வந்த ஒரு கூட்டம். பக்கத்து அறையில விவசாயி, மீன்காரன் எண்டு சிலை வச்சிரிக்கிறதால என்னையும் அதில ஒண்டா நினைச்சிட்டாங்க. ஒரு வயசான அம்மா முகத்துக்குக் கிட்ட வந்து, "பாருங்க, மூக்கு மயிரெல்லாம் வச்சுச் செஞ்சிருக்காங்க" எண்டு மெச்சுறா. எழும்பி ஓடுவமெண்டு பாத்தன். அந்த நேரம் பாத்து அவ, "மகள், இது ஆர்?" எண்டு கேட்டா. கேட்டது, விளக்கம் சொல்லக் கதிரைக்குப் பக்கத்தில வந்து நிக்கிற நம்மட நஸ்ஹாட்ட. வாய் திறப்பாளோ எண்டு நான் மூச்சையும் புடிச்சிக்கிட்டன்.

"இது எங்கட மாமா" எண்டாள் புள்ள.

"எந்தக் காலத்து ஆள்?"

"மிச்சம் பழைய காலம். பேர் உசனார். ஓட்டோ ஓடுறவர். எனக்குத் தலை பின்னிவிடுற இவர்தான், ஆனா ஒரு பின்னல் மேலயும் ஒரு பின்னல் கீழயும் வரும். எங்கட உம்மா வாறவரைக்கும் என்ன வச்சிப் பாக்குறவர். நான் இருமினா மாமிக்கு முதல் இவர்தான் எழும்புற."

சபீனா, அவள் நிப்பாட்டவே இல்ல. நீ போன இந்த ஒம்பது மாசக் கதையும் ஒண்டா வருது. மூக்கில ஈ இருந்து நடந்து திரியுது, நான் அசையல்ல. அசைஞ்சா கதைய விட்டுருவாளே எண்ட பயம். ஈயப் பொறுத்தன், இடுப்பு நோவையும் பொறுத்தன், கண்ணை மட்டும் என்னால ஒண்டும் செய்ய ஏலாமப் போச்சு.

"ஐயோ, சிலை அழுவுது!" எண்டு அந்தம்மா கத்தின கத்தில நான் துள்ளி எழும்ப, கதிரைப் பின்னல் கிழிஞ்சி கீழ போனன். காலும் தலையும் மட்டுந்தான் வெளிய. காவலாளி நல்லரத்தினம் ஐயா ஓடிவந்து ரெண்டு கையாலயும் இழுத்தார். பியோனா மிஸ்ஸுக்கு ஏசவும் முடியல்ல, சிரிப்ப அடக்கவும் முடியல்ல. நஸ்ஹா கூட்டத்தப் பாத்து, "கதிரை ஒல்லாந்தர்ர. கிழிச்சது மாமா" எண்டு விளக்கத்த முடிச்சாள். கை தட்டினாங்க தங்கச்சி, எல்லாரும் கை தட்டினாங்க!

ஆகவே, இனி அந்த நூதனசாலைப் பக்கம் நான் தலைவைத்தும் படுக்கமாட்டேன். நீ எதற்கும் கவலைப்படாதே. பிள்ளை நன்றாகக் கதைக்கிறாள், சாப்பிடுகிறாள், உன்னைத் தேடுவதுமில்லை. அவசரப்பட்டு லீவு கேட்காமல், ஒப்பந்தம் எழுதின இரண்டு வருடத்தையும் ஒழுங்காக முடித்துவிட்டு வா. வல்ல அல்லாஹ் உன் உடம்புக்கு ஆரோக்கியத்தையும், உன் வீட்டுக்கார அம்மாவுக்கு நல்ல குணத்தையும் தருவானாக. மதினி ஸலாம் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் காக்கா,
உசனார்.

பி.கு: கடிதத்த ஒட்ட முதல் நஸ்ஹா எடுத்து வாசிச்சிட்டாள். "உம்மாவ நான் தேடுறல்லயெண்டு உங்களுக்கு ஆர் மாமா சொன்ன?" எண்டு கேக்குறாள்.  லீவு கேளு, தங்கச்சி.