நாலு முழ வளைவு

“நிறுத்துய்யா! அது யார் மொழம்?”

அர்த்தனாரி ஆசாரி எரிச்சலோடு நிமிர்ந்தார். கயிற்றின் ஒரு நுனியைப் பட்டறைத் தரையில் அடித்த முளையில் கட்டி, மறுநுனியில் கரித்துண்டைப் பிடித்து, மாரியாயி கோயில் வாசலுக்கான மர வளைவுக்குக் கோடு கிழிக்கப் போனவர் அவர். கத்தியவர் பைல் நாட்டுத் தலைவர், பட்டக்காரர் காளியண்ணன்.

“என் மொழக்கோல்லதானுங்க அளந்தேன். கயிறு நாலு மொழம்.”

“கோயில் வேலைக்குக் கோலா? பட்டக்காரன் கையி எதுக்கு இருக்குது?”

அது மலை வழக்கம். கோயிலில் எதையும் பட்டக்காரர் கைமுழத்தால்தான் அளக்க வேண்டும். ஆனால் மாரியாயி மலையிலுள்ள இரண்டு நாட்டு ஊர்களுக்கும் பொது. பட்டக்காரர் இருவர் இருந்தால் என்ன செய்வது என்று வழக்கத்தை உண்டாக்கிய மகராசன் யோசிக்கவே இல்லை!

எடப்புளி நாட்டுப் பட்டக்காரர் அருணாசலம் மூச்சிரைக்க ஓடி வந்தார். “அவன் மொழமா? அப்ப என் கையி என்ன, பூப்பறிக்கவா?”

“சாமி, இடது பாதி அவரு கை, வலது பாதி உங்க கை. போதுமுங்களா?” என்றார் ஆசாரி.

போதும் என்றார்கள். காளியண்ணன் நெட்டை. அருணாசலம் அவர் தோளுக்குத்தான் வருவார். அறுத்து, இழைத்து, இரண்டு பாதியையும் தூக்கி நிறுத்தினால் உச்சியில் சேரவில்லை. இடது பாதி ஒரு சாண் மேலே நின்றது.

“பாத்தியா, எங்க நாடு ஒசத்தி!” என்றார் காளியண்ணன்.

“அறுங்கடா அதை!” என்றார் அருணாசலம். அவர் ஆள் இடது பாதியின் நுனியை அறுத்தான். காளியண்ணன் ஆள் சும்மா இருப்பானா? வலது பாதியைக் கோடாலியால் பிளந்தே போட்டான்.

சப்பான்காரன் சண்டைக் காலம். நல்ல மரமெல்லாம் பட்டாளத்துக்கென்று மலையிறங்கிப் போய்விட்டது. மிச்சமிருந்த பலாப்பலகை ஒரே ஒரு வளைவுக்குத்தான் காணும்.

“கோயில் நோம்பிக்குள்ள வளைவு நிக்கலீன்னா நீ இந்த மலையிலேயே இருக்கக் கூடாது, ஆசாரி!” இதில் மட்டும் இரண்டு பட்டக்காரர்களும் ஒரே பேச்சு.

“செரிங்க. ஒரே கயிறு. ரெண்டு மொழம் அவருது, ரெண்டு மொழம் உங்களுது” என்றார் ஆசாரி அருணாசலத்திடம்.

“எவன் கையி மொதல்ல?”

ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். கயிறு அறுந்தது. ஆசாரி உளியை விட்டெறிந்தார்.

“வெளிய போங்க! ரெண்டு பேருந்தான்! நோம்பியன்னிக்கு வந்தாப் போதும்!”

பட்டறை வாசல் தட்டியைப் படாரென்று சாத்தினார்.

நோம்பித் திருவிழாவன்று வளைவு நின்றது. உச்சியில் மயிரிழைகூட இடைவெளி இல்லை. காளியண்ணன் மீசையை முறுக்கினார். “என் மொழம். அதான் இந்தக் கம்பீரம்!”

“தூ! என் கையிடா அது!”

வேட்டியை மடித்துக் கட்டினார்கள். இரண்டு பக்கத்து ஆட்களும் கோடாலியோடு வளைவின் கீழே வந்து நின்றார்கள். ஒருவர் பேரைச் சொன்னால் மற்றவர் ஆள் வளைவை வெட்டிவிடுவான். கற்பூரத்தட்டு ஆசாரியின் முகத்துக்கு நேரே நீண்டது.

“ஆத்தா மேல சத்தியமாச் சொல்லு. யார் மொழம்?” என்றார்கள் இரண்டு பட்டக்காரர்களும்.

 கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஆசாரியின் பெண்சாதி சின்னாத்தாள் வந்தாள். வளையலை மேலே தள்ளிவிட்டுக் கையை நீட்டினாள்.

“ஏனுங்க, அவரை எதுக்கு மெரட்டுறீங்க? நாலு மொழமும் என் கையிதானுங்க!”