மூன்று தலை, ஆறு காது, ஒரு மடி

திண்டிவனம்,
9-5-1962.

முதுமலைக் காட்டில் ஃபாரஸ்ட் கார்டாக உத்தியோகம் பார்க்கும் மதிப்பிற்குரிய மைத்துனர் பெரியதம்பி அவர்களுக்கு, திண்டிவனம் மல்லாட்டை மண்டிக் குமாஸ்தா தாண்டவராயன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நான், தங்கள் அக்கா காந்திமதி, குழந்தைகள் மூவர், பசு, கன்று எல்லோரும் அவரவர் அளவில் சௌக்கியம். அங்கு தங்கள் சௌக்கியத்தையும், தங்கள் பொறுப்பில் இருக்கும் யானை, மான், காட்டெருமை ஆகியவற்றின் சௌக்கியத்தையும் அறிய ஆவல். புலியின் சௌக்கியத்தைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. ஆனாலும் கேட்காமல் விட்டால் மரியாதைக் குறைவு என்பதால் கேட்டுவைக்கிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. காட்டுத்தீப் பருவம் என்பதால் இந்த வருஷமும் லீவு இல்லை, ஆகவே குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு நாங்களே அங்கே வந்துவிடலாம், குவார்ட்டர்ஸில் தங்கலாம், விடியற்காலையில் காட்டுக்குள் இரண்டு மூன்று மைல் நடந்து மிருகங்களைப் பார்க்கலாம், மொட்டையும் காதுகுத்தும் அங்கேயே தங்கள் மடியில் நடக்கட்டும் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் காந்திமதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூத்தவன் சக்கரபாணி பிறந்தபோதே, "எந்தம்பி மடியில ஒக்காத்திவச்சுத்தான் முடியெறக்கணும், காது குத்தணும்" என்று சொல்லிவிட்டாள். தாய்மாமன் மடி என்பது ஊர் உலகத்து வழக்கம்தானே, சரி என்றேன். மாமன் காட்டுக்குப் போய்விட்டார். முடி காட்டுக்குப் போகவில்லை, வீட்டிலேயே வளர்ந்துகொண்டிருக்கிறது. அவனுக்கு இப்போது நாலு முடிந்து ஐந்து நடக்கிறது, முடி தோளில் புரள்கிறது. மூத்தவனுக்கு ஆகாமல் இளையதுகளுக்கு ஆகாது என்பதால் இரண்டரை வயது வெள்ளையம்மாளும் கைக்குழந்தை அரங்கநாதனும் அப்படியே நிற்கிறார்கள். ஆக மூன்று தலையும் ஆறு காதும் தங்கள் ஒரு மடிக்காகக் காத்திருக்கின்றன. போன மாதம் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் சக்கரபாணியைப் பார்த்து, "பாப்பா, உம்பேரு இன்னா?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் இருக்கும் தெருவுக்கே அவன் வருவதில்லை. ஜூனில் சேர்த்தாகவேண்டும். அதற்குள் முடி இறங்காவிட்டால் பையன் படிப்பும் இறங்கிவிடும் போலிருக்கிறது.

ஆகவே பிரயாணத்துக்கு ஏற்பாடு செய்யத் தொடங்கினேன். வழி தெரிந்துவிட்டது: விழுப்புரத்தில் மாறி, சேலத்தில் மாறி, மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறி, ஊட்டியிலிருந்து பஸ். தெரியாதது காடுதான். மைத்துனரே, சில சந்தேகங்கள். தூக்கம் வந்தால் அரங்கநாதனுக்குத் தூளி கட்டியாகவேண்டும். காட்டில் மரத்தில் தூளி கட்டினால் யானை அதை என்ன செய்யும்? தாண்டிப் போகுமா, ஆட்டிப் பார்க்குமா? வெள்ளையம்மாளுக்குக் கேப்பைக் கூழ் இல்லாவிட்டால் பொழுது விடியாது. கூழ் வாசனைக்குக் கரடி வருமா? யானைக்கு மல்லாட்டை (அங்கே நிலக்கடலை என்பார்களாமே) பிடிக்குமா, பிடித்தால் தோல் உரித்துக் கொடுக்கவேண்டுமா? குழந்தை அழுதால் புலி கிட்டே வருமா, அல்லது நம் வீட்டுப் பூனை மாதிரி ஓடிவிடுமா? இதையெல்லாம் யோசித்தால் மண்டியில் கணக்கு ஓடமாட்டேன் என்கிறது. மூட்டைச் சீட்டில் ஒருநாள் எடை எழுதவேண்டிய இடத்தில் "காட்டெருமை" என்று எழுதிவிட்டேன். முதலாளி அதைப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தார்.

எங்கள் மண்டி லாரி ஓட்டும் மொய்தீன் பிச்சை கோட்டக்குப்பத்துக்காரர். ஒருமுறை கூடலூர் வழியாக மைசூருக்கு லோடு கொண்டுபோயிருக்கிறார். இங்கே காட்டைப் பார்த்த ஒரே மனிதர் அவர்தான் என்பதால் யோசனை கேட்டேன். "யானை ரோட்ல நின்னுக்கினு இருக்கும் அண்ணே. ஆரன் அடிக்கக் கூடாது. ஜல்தியாப் போவணும்னு நெனச்சா பேஜாருதான். அது நவுர்ற வரைக்கும் சத்தமில்லாம நிக்கணும்" என்றார். தாங்களும் காட்டில் பேசக்கூடாது என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா? அதனால் வீட்டிலேயே ஒத்திகை ஆரம்பித்தேன். முதலில் நடை. மண்டிக் களத்து மல்லாட்டைக் குவியலை மலை என்று வைத்துக்கொண்டு ஏறச் சொன்னேன். சக்கரபாணி ஏறிச் சறுக்கினான். வெள்ளையம்மாள் மலையைத் தின்னத் தொடங்கினாள், அன்று முழுவதும் வயிற்றுப்போக்கு. அடுத்து மௌனம். மூவர் கையிலும் வெல்லக்கட்டி கொடுத்து உட்காரவைத்தேன். எங்கள் வீட்டில் சத்தமே இல்லை என்றதும் தெருவே பயந்துவிட்டது. எதிர்வீட்டு அஞ்சம்மாள் வாசலில் நின்று, "இன்னா ஆச்சு காந்தி? ஆருக்காவது ஒடம்பு சொகமில்லியா?" என்று அழாத குறையாகக் கேட்டாள். காந்திமதி தலையில் அடித்துக்கொண்டாள். "காட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே ஊட்டைக் காடாக்கிக்கினு கீறாரு இவரு!"

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு நிஜமான மலையிலும் ஏற்றிப் பார்த்துவிடலாம் என்று எனக்குப் புத்தி போயிற்று. செஞ்சியில் கோட்டை மலை இருக்க வேறு மலைக்கு எங்கே போவது? போன வெள்ளிக்கிழமை கட்டுச்சோறு, குடத்தில் தண்ணீர், ஒரு சீப்பு வாழைப்பழம், தூளிக்கு ஒரு பழைய சேலை, இவற்றோடு பஸ் ஏறினோம். துணைக்கு மொய்தீன் பிச்சையும் வந்தார். வெயிலுக்குத் தலையில் துண்டை முண்டாசாகக் கட்டியிருந்தார். இருபது படி ஏறியதும் வெள்ளையம்மாள், "தூக்கு" என்றாள். நாற்பதாவது படியில் சக்கரபாணி உட்கார்ந்து, "யானை எங்க?" என்றான். யானை இங்கே இல்லை, இது ஒத்திகை என்றேன். "அப்ப எதுக்கு ஏறணும்?" என்றான். இரண்டு பேரையும் குடம், பழத்தோடு மலையடியில் அம்மன் கோயில் வேப்பமரத்தடியில் விட்டு, மொய்தீன் பிச்சையைக் காவல் வைத்துவிட்டு, நானும் காந்திமதியும் கைக்குழந்தையோடு கொஞ்சதூரம் மேலே போனோம். தூளி சந்தேகத்தையாவது தீர்த்துக்கொள்ளலாமே என்று ஒரு மரத்தில் சேலையைக் கட்டினேன்.

மைத்துனரே, இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. குழந்தையைப் போடுவதற்கு முன்பே ஒரு குரங்குக்குட்டி தாவி வந்து தூளியில் படுத்துக்கொண்டது. தாய்க்குரங்கு கிளையிலிருந்து சேலையைப் பிடித்துப் பிடித்து இழுத்தது. தூளி ஆடியது! தெரிந்து ஆட்டியதா, சேலையைப் பிடுங்கப் பார்த்ததா என்பது எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. "ஏங்க, கீழ போவலாம், புள்ளைங்க தனியா கீதுங்க" என்றாள் காந்திமதி. "இரு இரு, அடுத்து இன்னா பண்ணுதுன்னு பாத்துட்டுப் போலாம்" என்றேன். குரங்குக்குட்டி நன்றாகத் தூங்கிப்போயிற்று. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். நான் மட்டும் அங்கே அப்படி நிற்காமல் இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு மேற்கொண்டு எழுத விஷயமே இருந்திருக்காது.

கீழே இறங்கினால், மொய்தீன் பிச்சை மடியில் சக்கரபாணி. எதிரில் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையில் கத்தியோடு, பாதித் தலையை வழித்துவிட்டார்! கோயிலில் முடியிறக்கும் சின்னக்கண்ணு அவர். தோளில் புரளும் முடியோடு ஒரு பையன், கோயில் மரத்தடி, பக்கத்தில் குடத்துத் தண்ணீரும் வாழைப்பழமும், முண்டாசு கட்டிய ஒரு பெரிய மனிதர் மடி, வெள்ளிக்கிழமை. யாரை எதற்கு விசாரிக்கவேண்டும்? தாய்மாமன் என்று முடிவு கட்டிவிட்டார். காந்திமதி போட்ட கூச்சலில் கத்தி நின்றது. "அய்யய்யோ, நான் இன்னா கண்டேன்ம்மா? மாமன் மடியில புள்ள இருந்தா வழிக்கிறதுதானே எந்தொழிலு?" என்று அவர் எழுந்துவிட்டார். நான் மொய்தீன் பிச்சையைக் கேட்டேன், "நீங்களாவது தடுக்கக் கூடாதா?" அவர் கண்கலங்கிச் சொன்னார்: "அண்ணே, நடக்குறதுக்கு ஒத்திகை பாத்தீங்க, பேசாம இருக்குறதுக்கு ஒத்திகை பாத்தீங்க. மொட்டைக்கும் ஒத்திகைன்னு நெனச்சிக்கினேன்." யாரைக் குற்றம் சொல்ல? மனிதர் அசையாமல் அன்றைக்கு மடி கொடுத்திருக்கிறார்.

இப்போது சக்கரபாணிக்கு வலது பக்கம் மொட்டை, இடது பக்கம் தோள்வரை முடி. மீதியையும் எடுத்துவிடலாம் என்றார்கள் எல்லோரும். காந்திமதி ஒரே பிடியாக, "போனது போவட்டும். அந்தப் பாதி எந்தம்பிக்குச் சேரவேண்டியது. ஆரும் கைய வெக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் வருகிறது, அதிலும் உப்பு இல்லை. ஊரார் வேறு, பாதியில் நின்ற மொட்டை ஆகாது என்கிறார்கள். நாலு வருஷமாக ஒருத்தி ஒரு ஆசைக்காகப் பிள்ளைகளின் தலையைச் சீவிச் சிக்கெடுத்துக் காத்திருந்தாள். நான் ஒரு குரங்கைப் பார்த்துக்கொண்டு நின்று அதில் பாதியைத் தொலைத்துவிட்டேன்.

ஆகவே நன்றாக யோசித்து நான் எடுத்திருக்கும் முடிவு என்னவென்றால், இந்தப் பிரயாணம் வேண்டாம். நாற்பது படிக்கு மேல் ஏறாத குழந்தைகள் மூன்று மைல் காட்டில் எங்கே நடக்கும்? இந்தத் தலையோடு பையனை ரயிலில் ஏற்றினால் வழியெல்லாம் விளக்கம் சொல்லி மாளாது. சின்னவன் நடக்கப் பழகட்டும், இரண்டு மூன்று வருஷம் போகட்டும். தாங்கள் எப்படியாவது லீவு வாங்கி இங்கே வர முயலவேண்டும். யானையை நான் கோயிலில் பார்த்துக்கொள்கிறேன். தூளி சந்தேகத்துக்கு மட்டும் மறக்காமல் பதில் எழுதவும்.

தங்கள் வீட்டில் விளக்கேற்ற ஒருத்தி விரைவில் வரவும், தங்கள் காட்டில் காலத்தில் மழை பெய்து தீ அணையவும், பெரியவர்கள் ஆசி தங்களோடு இருக்கவும் வேண்டி,

தங்கள் அன்புள்ள,
தாண்டவராயன்.

பின்குறிப்பு: இதை விழுப்புரம் ஜங்ஷனில் ஒரு பெட்டியின் மேல் வைத்துப் பென்சிலால் எழுதுகிறேன். மேலே கண்ட கடிதத்தைத் தபாலில் சேர்க்கப் போனபோது காந்திமதி வாங்கிப் படித்தாள். முழுவதும் படித்துவிட்டு, இத்தனை நாள் கழித்து வாயைத் திறந்தாள்: "ரெண்டு மூணு வருசமா? பாதித் தலைய வெச்சிக்கினா? எங்க அந்தப் பொட்டி?" அவ்வளவுதான், கிளம்பிவிட்டோம். ஆரம்பித்த கைதான் முடிக்கவேண்டும் என்று சின்னக்கண்ணுவும் செஞ்சியிலிருந்து கத்திப்பெட்டியோடு வந்து நிற்கிறார். கோயிலில் கட்டிப்போடாத யானையை அவரும் பார்த்ததில்லையாம். ரயில் ஏற்றிவிட வந்த மொய்தீன் பிச்சை, "எம்மடியில பாதி, அவுரு மடியில பாதி. இனிமே எனக்கும் அவுருக்கும் சொந்தம்தான்னு சொல்லுங்க" என்று தங்களிடம் சொல்லச் சொன்னார். தபாலும் நாங்களும் ஒரே வண்டியில்தான் வரப்போகிறோம், வீண் ஸ்டாம்பு எதற்கு என்று காந்திமதி இதை உறையில் போட்டுச் சக்கரபாணியின் சட்டைப்பையில் செருகிவிட்டாள். ஆகவே இதைத் தங்கள் கையில் கொடுத்தவன் அவன்தான். இடது பக்கம் மட்டும் எண்ணெய் வைத்துச் சீவியிருக்கும். தங்களைப் பார்த்ததும் யானை எங்கே என்று கேட்பான். பதிலைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு, முதலில் உட்காருங்கள்.