முன்வரிசையில் உட்கார்ந்த குற்றம்

சேத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்ஸ்பெக்டராய் இருக்கும் மைத்துனன் லிங்கேஸ்வரனுக்கு, ஓய்வுபெற்ற எஸ்.எஸ்.ஐ. மலைச்சாமி எழுதிக்கொண்டது. இவ்விடம் உன் அக்கா கனகலட்சுமி, நான், என் மூட்டுவலி மூவரும் நலம். அவ்விடம் நீயும் உன் ஸ்டேஷனும் நலமாயிருக்க ஆண்டாள் துணை.

மாப்ள, எம்மக, உன் மருமக பாண்டிசெல்வி ஆராய்ச்சி முடிச்சு டாக்டர் ஆயிட்டா. போலீஸும் ஜெயிலும் வேண்டாம்னு ஆராய்ச்சி பண்ணுதவ இருக்கிற வீட்டுப் படி ஏற மாட்டேன்னு நீ போனதுலருந்து உங்கக்கா ஒழுங்காச் சாப்பிடல. போன்ல சொன்னா கட் பண்ணிருவ, அதான் தபால்ல எழுதுதேன். போன வாரம் உங்க ஊர்க் காலேஜ்ல அந்தப் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. யாரும் வரலாம்னு அழைப்பிதழ்லயே போட்டிருந்தது. அழைப்பிதழ் வந்த பொறவு போகாம இருந்தா நல்லாவா இருக்கும், வேன் பிடிச்சுட்டேன். பங்காளிக அம்புட்டுப் பேரும் ஒண்ணு போலீஸு, இல்ல பட்டாளம். பழத்தட்டோட போயி முன்வரிசையில உக்காந்தோம். சர்வீஸ் பழக்கம், ஒருத்தனும் சாஞ்சு உக்காரல. பிள்ளை பேசுச்சு பாரு, "அரசியல் படிப்புல போலீஸை எப்படித் திருத்தலாம்னே எழுதுதோம், போலீஸ் எதுக்குன்னு கேக்க மாட்டேங்கோம். பயமுறுத்தி வாங்குத எதுவும் நியாயமாகாது"ன்னா. எனக்குப் பாதி புரியல, மீதி என்னையத்தான் சொல்லுதான்னு புரிஞ்சுது. ஆனாலும் நெஞ்சு நிறைஞ்சு போச்சு மாப்ள, நம்ம வம்சத்துல மைக்கப் பிடிச்சு இப்படிப் பேசுன ஆளு உண்டா. நான் கை தட்டுனேன், உடனே அம்புட்டுப் பேரும் பரேடு மாதிரி ஒரே தட்டாத் தட்டுனானுக. முன்னால பிள்ளையோட ஆய்வேட்டைப் படிச்சுட்டு ரிப்போர்ட்ல கேள்விமேல கேள்வி எழுதிப் பிள்ளைய அழ வச்ச வெளியூர்த் தேர்வாளர் எங்க மீசைகளை ஒரு சுத்துப் பாத்தாரு. தண்ணி குடிச்சாரு. ஒரு கேள்வி கேக்கல, பட்டம் குடுக்கலாம்னுட்டு எந்திரிச்சுட்டாரு.

வேன்ல வரும்போது பிள்ளை பொங்கிட்டா. "பயத்தால வாங்கக் கூடாதுன்னு எழுதுனவளுக்கு, உங்களைப் பாத்துப் பயந்துல்ல பட்டம் குடுத்திருக்காரு. இத வச்சு எந்த மூஞ்சியோட பாடம் நடத்துவேன்"ங்கா. ஏட்டி, நாங்க ஒரு வார்த்தை பேசலியேன்னேன். "அதான்ப்பா போலீஸு"ன்னா. என் சர்வீஸ்ல எந்த வக்கீலும் என்னைய இப்படி மடக்குனதில்ல. என்ன இருந்தாலும் டாக்டர் டாக்டர்தான். வெள்ளிக்கிழமை கிடா வெட்டுதோம், நீ குடும்பத்தோட வந்துரணும்.

வெங்கடேஸ்வரிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகள். பெரிய மாரியம்மன் உனக்குச் சீக்கிரம் டி.எஸ்.பி. பதவி அருளட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்
மலைச்சாமி

பி.கு.: கவரை ஒட்டப் போகையில பிள்ளை வந்து நிக்கா. இந்தப் பட்டம் வேண்டாம், திரும்பத் தேர்வு வைங்கன்னு எழுதிக் குடுத்துட்டாளாம். கிடா தப்பிச்சது. நாங்க யாரும் காலேஜ் பக்கமே வரப்பிடாதாம். தேர்வாளர் வாரேன்னுட்டாரு, ஆனா போலீஸ் பாதுகாப்பு போட்டாத்தான் வருவாராம். அது உன் ஸ்டேஷன் எல்லைதான மாப்ள, பந்தோபஸ்துக்கு நீயே வந்துரு. ட்யூட்டியில பாதியில எந்திரிச்சுப் போக முடியாது பாரு, உன் மருமக பேசுததக் கடைசி வரைக்கும் கேட்டுத்தான் ஆகணும்.