உலைக்கு உரம் வைத்த யூரியா அண்ணன்

பயிருக்கு உரம் வைத்தவர்கள் இந்த நாட்டில் கோடிப் பேர் இருக்கலாம். எரிகிற உலைக்கு உரம் வைத்த ஒரே மனிதர் எங்கள் யூரியா அண்ணன்தான்.

எண்பதுகளில் பள்ளிபாளையத்துச் சாயப்பட்டறை ஒன்றில் நான் குமாஸ்தா, அவர் உலை பார்ப்பவர். லீவு கேட்டு வருவார். தனக்கல்ல, உலைக்கு உடம்பு சரியில்லை என்பார். பழைய பேப்பர் கடையில் வெளிநாட்டுப் பொறியியல் பத்திரிகைகளை எடைக்கு வாங்கி, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படிப்பார். ஊரில் எல்லோரிடமும் பேசுவார், சாய மாஸ்டர் மாரப்பனைத் தவிர. குளிக்க வைத்திருந்த வெந்நீரை யார் எடுத்தது என்ற தகராறில் ஐந்து வருஷமாக இருவருக்கும் பேச்சு இல்லை.

ஒரு வருஷம் தொட்டியில் நீலமாக இருந்த பளபளப்புச் சேலைகள், காய்ந்து வரும்போது ரோஸாக வந்தன. எங்கள் முதலாளி மகா சிக்கனம். உலைப் புகையையே நேராக அறைக்குள் விட்டுச் சேலை காயவைப்பார். பழி மட்டும் சாயத்தின் மேல் விழுந்தது. சனிக்கிழமைக்குள் நீலம் நிற்காவிட்டால் மாரப்பன் வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். மூன்று பிள்ளைகளை வைத்திருந்த மாரப்பன் அன்று சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவே இல்லை.

யூரியா அண்ணன் நேரே முதலாளியிடம் போனார்.

"சாயத்து மேல குத்தமில்லீங்க. தீ மிஞ்சுனா காத்துல இருக்கற நைட்ரஜனும் சேந்து எரிஞ்சு ஒரு புகை வருதுங்க. அதுதான் நீலத்தத் திங்குது. அம்மோனியாவ உள்ள உட்டா, அந்தப் புகையப் புடிச்சு வெறுங்காத்தும் தண்ணியுமா மாத்திப்போடுங்க."

அம்மோனியாவுக்கு எங்கே போவது என்று முதலாளி முறைத்தார்.

"உங்க கரும்புத் தோட்டத்துல யூரியா மூட்டை கெடக்குதுங்களே. சூடு பட்டா அது அம்மோனியாதானுங்க."

வியாழக்கிழமை யூரியாவைத் தண்ணீரில் கரைத்து, புகை ஆறிப் போகும் பாதையில் ஊற்றினார். அங்கே சூடு போதாது. அம்மோனியா எதையும் பிடிக்காமல் அப்படியே வெளியே வந்து எங்களைப் பிடித்தது. பட்டறை மொத்தமும் தெருவில் நின்று அழுதது. யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துத் துக்கம் விசாரிக்க வந்த இரண்டு பேர் தாங்களும் அழுதுவிட்டுப் போனார்கள்.

மறுநாள் உலைவாய்ப் பக்கம் ஊற்றினார். அங்கே சூடு அதிகம். அம்மோனியாவே எரிந்து, சேலை இன்னும் ரோஸானது. மாரப்பன் சாய வாளிகளைக் கழுவிக் கவிழ்க்க ஆரம்பித்துவிட்டார்.

சனிக்கிழமை காலை அண்ணன் கையில் ஒரு ஏற்காட்டு ஆரஞ்சு. சூடு பார்க்கும் கருவி எங்களிடம் கிடையாது; செங்கல் கனலும் நிறத்தை வைத்துத்தான் சூட்டைக் கணிக்க வேண்டும். ஒரு சுளையை உலையின் பார்வை ஓட்டைகளில் வரிசையாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டே போனார். உள்ளே செங்கல் எந்த இடத்தில் சுளை நிறத்தில் கனன்றதோ, அங்கே யூரியாத் தண்ணீர்க் குழாயைச் செருகினார். சுளையை வாயில் போட்டுக்கொண்டார்.

மத்தியானம் சேலை நீலமாகவே வந்தது. முதலாளி வெயிலில் பிடித்து இரண்டு தரம் பார்த்தார். பிறகு மாரப்பனிடம் திங்கட்கிழமைக்கு எத்தனை சேலை என்று கேட்டார்.

பேசாத ஆளுக்காக ஏன் இந்தப் பாடு என்று நான் அண்ணனிடம் கேட்டேன்.

"நாங்க பேசாததுக்கு அந்த நீலம் என்னங்க பண்ணும்? நல்ல நீலமுங்க அது."

அப்புறமும் இருவரும் பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு ஆரஞ்சுப் பருவத்திலும் உலைக்குப் பக்கத்தில் தினம் ஒரு பழம் இருக்கும். வைத்தது யார் என்று அண்ணன் கேட்டதில்லை, மாரப்பன் சொன்னதில்லை.

எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும். இன்றும் ஆரஞ்சு உரித்தால் முதல் சுளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் தின்கிறேன்.