உப்புக்கு அஞ்சிய கடல் சங்கு

சுனாமி வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. தேவனாம்பட்டினத்தில் அப்போது யார் வீட்டுக்குப் போனாலும் நாற்காலி போடமாட்டார்கள், முதலில் நத்தையைக் காட்டுவார்கள். மன்னிக்கவும், நத்தை என்றால் நாக்கு அழுகிவிடுமாம். 'கரைச் சங்கு' என்று சொல்ல வேண்டும். ஒரு சாண் நீளம், உடம்பெல்லாம் கொழகொழப்பு. கண்ணாடித் தொட்டிக்குள் வெள்ளரிக்காய் தின்றுகொண்டு கிடக்கும். ஆளுக்கொரு செல்லப் பேர் வேறு.

கொண்டுவந்தவர் சங்குச் சாமி. பெற்றோர் வைத்த பேர் சுப்புராயன்.

"கடலம்மா மனசு இறங்கி அனுப்புன சங்கு இது. வச்சு வளத்தீங்கன்னா அலை இனிமே உங்க வாசப்படி ஏறாது!"

கடலூரிலிருந்து ஷேர் ஆட்டோ பிதுங்கி வந்தது. சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வந்தார்கள். கோட்டு போட்ட வக்கீல்கள்கூட மடியில் நத்தையை வைத்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். தட்சணை அவரவர் இஷ்டம். இஷ்டம் குறைந்தால் சாமி முறைப்பார், அவ்வளவுதான்.

கடலில் கிடக்கும் அத்தனை சங்கையும் பேர் சொல்லி அடையாளம் காட்டும் ஊர் அது. இந்தச் சங்கு எந்தப் பேரிலும் அடங்கவில்லை. நாம் பார்க்காத சங்கு என்றால் தெய்வச் சங்குதான் என்று முடிவு கட்டினார்கள். ஒரு வாழைத்தோட்டக்காரனைக் கேட்டிருந்தால் சிரித்தே செத்திருப்பான்.

சாமி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். சங்கு இருக்கும் வீட்டில் உப்பு கூடாது. கடலில் பிறந்ததுக்கு உப்பு ஏன் ஆகாது என்று ஒருவர் கேட்டும்விட்டார். "அங்க ஜாஸ்தி தின்னு சலிச்சுப்போச்சு" என்றார் சாமி. ஆகா, என்ன ஞானம்! தலைமுறை தலைமுறையாகக் கருவாடு போட்ட ஊர் உப்பில்லாக் குழம்பைத் தின்று கன்னத்தில் போட்டுக்கொண்டது.

சிரிப்பு இதோடு நின்றது. கருவாடு போடும் கிழவர் பக்கிரியின் பேரன் ஆகாஷுக்குப் பத்து மாதம். இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. கண் குழி விழுந்து, அழுதால் கண்ணீர் வரவில்லை. ஊருக்கு வரும் நர்ஸ் புஷ்பவள்ளி ஒரு டம்ளரில் உப்பு சர்க்கரைக் கரைசலைக் கலக்கிக் குழந்தையின் தாய் மகேஸ்வரியிடம் நீட்டினாள். பக்கிரி குறுக்கே நின்றார்.

"நர்சம்மா, உப்பு வீட்டுக்குள்ள வரக்கூடாது."

"புள்ள உடம்புல தண்ணியே இல்ல பெரியவரே. இதக் குடுத்துகிட்டே ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும்."

"சின்ன மவன அலை கொண்டுபோச்சும்மா. மறுபடியும் கடல்கிட்ட கோவத்த வாங்கிக்க எனக்குத் தெம்பு இல்ல. சாமி சொல்லட்டும், குடுக்கிறேன்."

அந்த மனிதரை எனக்குத் திட்ட மனம் வரவில்லை. அவர் பயத்தை முதலாக்கிப் பிழைத்தவனைத்தான் திட்டுகிறேன்.

சாமியின் பந்தல் நாலு வீடு தள்ளி. பிள்ளையும் டம்ளருமாக மகேஸ்வரி முன்னால் ஓடினாள். புஷ்பவள்ளி பந்தலுக்குள் நுழைந்து சங்கைப் பார்த்தாள், அப்படியே நின்றாள். அவள் குமராட்சிக்காரி, வாழைத்தோட்டக்காரர் மகள்.

சாமி பலகையில் இரண்டு பூவரச இலை வைத்தார். வலது இலை 'குடு', இடது இலை 'வேணாம்'. விரலை எச்சிலில் நனைத்து, மடியில் கைவிட்டு எடுத்து, வலது இலையை மட்டும் தடவி ஆசி வழங்கினார். நடுவில் நத்தை. அது வலப்பக்கம் ஊர்ந்தது, கொம்பால் தொட்டது, சடக்கென்று இழுத்துக்கொண்டது. நுரை தள்ளியபடி இடது இலைக்குத் திரும்பியது.

"வேணாங்குது! அம்மா வேணாங்குது!" என்று கூட்டம் கும்பிட்டது.

புஷ்பவள்ளி வலது இலையை வெடுக்கென்று எடுத்துப் பக்கிரியிடம் கொடுத்தாள். "பெரியவரே, நாக்குல வச்சுப் பாருங்க."

"அபச்சாரம்! தொடாத!" என்று சாமி பாய்ந்தார்.

பக்கிரி நக்கினார். ஐம்பது வருஷம் மீனுக்கு உப்பு வைத்த ஆளின் நாக்கு அது. இன்னொரு முறை நக்கினார்.

"உப்பு" என்றார்.

மகேஸ்வரி மற்றதைக் கேட்க நிற்கவில்லை. அங்கேயே மணலில் உட்கார்ந்து, டம்ளரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளை வாயில் ஊற்றத் தொடங்கினாள். அவன் உதட்டை நக்கிக்கொண்டு இன்னும் கேட்டான்.

"ஊருக்கே உப்பு ஆகாதுன்ன. ஒன் இலைக்கு எங்கேருந்துடா வந்துச்சு?" பக்கிரி சாமியின் இடுப்பைப் பிடித்து உலுக்கினார். தூள் உப்புப் பொட்டலம் மணலில் விழுந்தது.

"எங்க அப்பா வாழைத்தோட்டத்துல இத பக்கெட்டு பக்கெட்டா பொறுக்கி உப்புலதான் போடுறோம்" என்றாள் புஷ்பவள்ளி. "ஆப்பிரிக்கா நத்தை. பயிரப் பூரா தின்னுடும். கடலுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. கடல்ல போட்டா அன்னிக்கே செத்துப்போவும்."

சாமி ஷேர் ஆட்டோவைத் தேடி ஓடினார். ஆகாஷ் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்து, நாலாம் நாள் தெருவே கேட்க அழுதான். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. பக்கிரி அதைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சிதம்பரத்தில் இப்போது யாரோ எறும்பு ஜோசியம் பார்க்கிறார்களாம், கூட்டம் தாங்கவில்லையாம். போகிறவர்களைத் தடுக்க எனக்கு வலு இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த நத்தைக்கு மூளை என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் கிடையாது. அதுகூட இலையில் ஏறுமுன் கொம்பை நீட்டித் தொட்டுப் பார்த்தது. ஐயா, அம்மா, நத்தை அளவுக்காவது யோசியுங்கள்.