இன்னொருக்காவும் ரயிலுக்கு நிறுத்திய பாட்டும்

கொழும்பு வெயிலில் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு நடமாட இரண்டு வகை ஆட்களுக்குத்தான் உரிமை உண்டு. ஒன்று சட்டத்தரணிகள். மற்றது எங்கள் இன்னொருக்கா. சட்டத்தரணிகளாவது நீதிமன்ற வாசலைத் தாண்டியதும் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொள்வார்கள். இன்னொருக்கா கழற்றமாட்டார். சித்திரை மாதத்து மத்தியானத்தில், வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால், முழங்கால் வரை தொங்கும் கறுப்புக் கோட்டும் கண்ணில் மையுமாக நின்று ஆறுதலாகச் செவ்விளநீர் குடிக்கக்கூடிய மனிதர் இந்தத் தீவிலேயே அவர் ஒருவர்தான் என்று எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். அதை யாரும் பாவித்து நான் கேட்டதில்லை. தொழில், மூக்குக் கண்ணாடிக்கு வில்லை வெட்டி ஃபிறேமில் பொருத்துவது. காலி வீதிக் கட்டடம் ஒன்றின் பின்னறையில் இருந்துகொண்டு கடைகளுக்குச் செய்து கொடுப்பார். எந்தெந்தக் கடைகளுக்கு என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மற்ற நேரமெல்லாம் அவர் 'அமாவாசை' என்ற கோதிக் றொக் இசைக்குழுவின் தலைவர், பாடகர், கிற்றார்காரர். கோதிக் றொக் என்றால் என்னவென்று தெரியாதவர்கள் பதற வேண்டாம். ஒப்பாரிக்குக் கரண்ட் கொடுத்தால் எப்படி இருக்கும், அதுதான். பாழடைந்த வீடு, பிரிவு, சாவு, இவற்றையெல்லாம் அடித்தொண்டையில் பாடவேண்டும். வெள்ளைக்காரனுக்கு இதற்கென்று பழைய கோட்டைகள் இருக்கின்றன, உங்களுக்கு என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்டதற்கு, "எங்களுக்குக் கடற்கரைப் பக்கத்து பிளாட் இருக்கு" என்றார் இன்னொருக்கா. உண்மைதான். உப்புக் காற்றில் கேற் துருப்பிடித்து, ஃபிறிஜ் துருப்பிடித்து, கிற்றார்க் கம்பி மாதத்துக்கு ஒருமுறை அறுந்துபோகிற ஊர் அது. அவருடைய பெரிய பாட்டுக்குப் பெயரே 'உப்புச் சுவர்'.

உடையைப் பார்த்து ஊர் வேறு மாதிரி நினைத்துக்கொண்டது. கறுப்புச் சட்டை, தாடி, சாந்தமான முகம். ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கிறார் என்றே எல்லோரும் முடிவுகட்டினார்கள். சைவக் கடையில் அவருக்கு மட்டும் முதல் பந்தி. பஸ்ஸில் எழும்பி இடம் கொடுப்பார்கள். வருஷம் முழுக்க மாலை போட்ட ஒரே சாமி அவர்தான். ஒரு மார்கழியில் பஜனைக்கும் கூட்டிக்கொண்டு போனார்கள். மரியாதைக்குப் போனவர் பத்து நிமிஷம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கையை உயர்த்திப் பஜனையை நிறுத்தி, மூன்றாம் அடியில் தாளம் நழுவுகிறது, இன்னொருக்கா பாடுங்கோ என்றார். சாமி சொன்னால் கேளாமல் இருப்பார்களா? நாலு முறை பாடினார்கள். அந்த வருஷம் பஜனை உருப்படியாக இருந்தது என்று இன்றைக்கும் சொல்லுகிறவர்கள் உண்டு.

அந்த 'இன்னொருக்கா'தான் அவர் பெயரானது. ஒத்திகையில் ஒரு பாட்டு முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு மெதுவாக, "இன்னொருக்கா" என்பார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். அவர் சொல்லுகிற விதம், சாப்பாட்டு மேசையில் இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ என்று கேட்கிற மாதிரி இருக்கும். மறுக்க முடியாது.

கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலைக் களியாட்டத்தில் அமாவாசை முதன்முதலாக மேடையேறியது. அது நான் சேருவதற்கு முந்திய கதை. உப்புச் சுவரில் இரண்டாவது வரி முடிவதற்குள் பாட்டை நிறுத்தி, மைக்கில், "மன்னிக்கோணும், இன்னொருக்கா" என்று முதலில் இருந்து தொடங்கினாராம். திரும்பவும் நிறுத்தினார். திரும்பவும் தொடங்கினார். ஐந்தாவது தரம் பாடசாலை அதிபர் தானே வந்து மைக்கின் வயரைக் கழற்றிவிட்டார். அதற்குப் பிறகு பிழையில்லாமல் வரும்வரை மேடையில்லை என்று அவர் விரதம் எடுத்துக்கொண்டார். அந்த விரதம் ஒன்பது வருஷம் ஓடியது.

பிழையில்லாமல் வராததற்குக் காரணம் கனடா.

அமாவாசையில் அவரையும் ட்ரம்ஸ் அடிக்கும் தர்ஷியையும் தவிர மூன்றாவது ஆள் பேஸ் கிற்றார்காரன். பேஸ் கிற்றாரைத் தொட்டவனுக்கு விசா வந்துவிடும். என்ன மாயமோ தெரியாது. ஒருவன் பாட்டைப் பாடமாக்கி, கை பழகி, இனி மேடையேறலாம் என்று இருக்கும்போது ரொறன்ரோவில் இருந்தோ லண்டனில் இருந்தோ கடிதம் வரும். இப்படிப் பன்னிரண்டு பேர் போனார்கள். கோயிலில் நேர்த்தி வைத்தும் விசா வராத பிள்ளைகளை அவரிடம் பேஸ் பழக அனுப்பிய தாய்மார் இருந்தார்கள் என்றால் நம்புங்கள். தர்ஷி மட்டும் நிரந்தரம். மூன்று நாடுகள் அவளுக்கு விசா மறுத்திருந்தன. இன்னொருக்கா அதை ஒரு பட்டம் மாதிரி மதித்தார்.

பதின்மூன்றாவது ஆளாக நான் போனபோது அவர் என்னை ஒரு சுரம்கூட வாசிக்கச் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்விதான். "தம்பி, எங்கையாவது விசாவுக்குப் போட்டிருக்கிறியோ?"

இல்லை அண்ணா என்றேன். அப்போது என்னுடைய கனடா விண்ணப்பம் ஏழு மாதமாகக் கிடந்தது. எப்படியும் கிடைக்காது, ஏன் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் அதைப் போல உறுத்தியது வேறொன்றில்லை.

ஒத்திகை நடந்த இடத்தைச் சொல்லவேண்டும். தர்ஷியின் மாமா கல்யாண வீடுகளுக்கு மணவறை வாடகைக்கு விடுகிறவர். ஊருக்கு அவர் டெக்கரேஷன் அங்கிள். கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றின் கடைசி முனையில் அவருடைய சாமான் அறை. எனக்கு முந்திய பன்னிரண்டு பேரும் பழகியது அங்கேதான், நாங்களும் அங்கேதான். இரண்டு அலங்கார யானைத் தலைக்கு நடுவில் ட்ரம்ஸ். பிளாஸ்ரிக் தாமரைக் குவியலில் நான். மயில் தோகை விரித்த மணவறைக் கதிரையில் கறுப்புக் கோட்டோடு இன்னொருக்கா இருந்து சாவைப் பற்றிப் பாடுவார். அங்கிள் சில நாள் வந்து கேட்டுவிட்டு, "குரல் நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆனா இந்தக் கதிரையில நாளைக்கு ஒரு பொம்பிளை இருக்கவேணும்" என்று கவலைப்படுவார்.

அறைக்குப் பின்னால் முப்பதடி தூரத்தில் தண்டவாளம். பின்னேரம் கந்தோர் விடுகிற நேரம் ஒன்றன்பின் ஒன்றாக ரயில். வந்தால் யானைத் தலையெல்லாம் ஆடும், எதுவும் கேட்காது. வேறு யாரும் வேறு இடம் தேடியிருப்பார்கள். இன்னொருக்கா ரயிலைப் பழக்கினார். ரயில் நேரத்துக்கு வராதுதான். ஆனால் ரயில் கடவை மணி அடித்துவிட்டால் அது வந்தே தீரவேண்டும். ஆகவே மணி அடித்ததும் பாட்டைத் தொடங்குவோம். இரண்டாம் அடி முடிகிற இடத்தில் ரயில் வரும். மூவரும் ஒரே நேரத்தில் கையை எடுப்போம். கடைசிப் பெட்டி போய்ச் சத்தம் அடங்கியதும் மூவரும் ஒன்றாக மூன்றாம் அடிக்குள் இறங்குவோம். இதையும் அவர் அளந்து, திருத்தி, இன்னொருக்கா இன்னொருக்கா என்று எங்களைப் பழக்கினார். மணிச் சத்தம் அவருக்குப் பிடித்துப்போய், பாட்டின் தொடக்கத்தில் தர்ஷி ஒரு சின்ன மணியை அதே மாதிரித் தட்டவேண்டும் என்றும் வைத்துவிட்டார்.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. பம்பலப்பிட்டியில் சின்ன மண்டபம் ஒன்றை நாலு முறை ஒழுங்கு செய்து நாலு முறையும் தள்ளிப்போட்டார். ஒருமுறை காரணம், என்னுடைய சுண்டுவிரல் கம்பியில் பிந்தி விழுந்தது. ஐந்தாம் முறை ஒரு சனிக்கிழமை பின்னேரம் என்று முடிவானது. அடுத்த கிழமையே எனக்கு விசா வந்தது.

வீட்டில் எல்லோரும் அழுது சிரித்தார்கள். நான் குளியலறைக்குள் போய் இருந்தேன். விசா வந்தவனை அவர் அன்றைக்கே நிறுத்திவிடுவார் என்பது எனக்குத் தெரியும். மனம் பெட்டி கட்டிக்கொண்டிருந்தால் கை தாளத்தில் நிற்காது என்பது அவர் சட்டம். சொன்னால் பதினாலாவது ஆளைத் தேடி, பழக்கி, இன்னும் இரண்டு வருஷம். அவருக்கு அப்போதே தாடி நரைத்திருந்தது. சொல்லாமல் விட்டு அவர் நிகழ்ச்சியைத் திரும்பவும் தள்ளிப்போட்டால், நான் விமானத்தில் இருப்பேன். எனக்குப் பயணம் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கள்.

நான் வாயை மூடிக்கொண்டேன். இரகசியமாகச் சாமான் வாங்கினேன். கனடாவில் மூக்குக் கண்ணாடி யானை விலை, இரண்டு சோடி செய்துகொண்டு வா என்று போனவர்கள் எல்லோரும் சொல்லுவார்கள். வெள்ளவத்தையில் கொடுத்தால் கதை அவர் காதுக்குப் போய்விடும் என்று பம்பலப்பிட்டிக் கடை ஒன்றில் கொடுத்தேன். அவர்களோ இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தார்கள்.

நிகழ்ச்சிக்கு முதல்நாள் கடைசி ஒத்திகை. என்னுடைய விரல் இரண்டு இடத்தில் வழுக்கியது. தர்ஷி ஒரு இடத்தில் முந்திவிட்டாள். பாட்டு முடிந்தது. அவர் கண்ணை மூடினார். சரி, தள்ளிப்போடப் போகிறார் என்று நினைத்தேன்.

"போதும்" என்றார்.

தர்ஷியின் கையில் இருந்த தடி கீழே விழுந்தது. அந்தச் சொல்லை அவர் வாயில் இருந்து நாங்கள் கேட்டதேயில்லை. போகும்போது ஒன்றே ஒன்று சொன்னார். மண்டபத்தில் ரயில் இல்லை, ஆகவே நிறுத்தாமல் நேராக மூன்றாம் அடிக்குப் போகவேண்டும். நாங்களும் ஓம் ஓம் என்றோம். ஆனால் அப்படி நேராகப் போய் நாங்கள் ஒருநாளும் பழகியதில்லை. பழக ரயில் விட்டதில்லை.

சனிக்கிழமை அறுபது கதிரைக்கு நாற்பது பேர் வந்தார்கள். அதில் பாதி சைவக் கடையில் அவரைச் சாமி என்று கும்பிடுகிறவர்கள். அங்கிள் முன்வரிசையில் இருந்து ஃபோனில் நேரலை காட்டினார். அந்தப் பக்கம் ரொறன்ரோ, லண்டன், ஒஸ்லோ என்று பழைய பேஸ்காரர் பன்னிரண்டு பேரும் காத்திருந்தார்கள். தர்ஷி மணியைத் தட்டினாள். உப்புச் சுவர் தொடங்கியது. நன்றாகத்தான் போனது. அவர் குரலைக் கேட்டு முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டாம் அடி முடிந்தது. மூவரும் ஒரே நேரத்தில் கையை எடுத்தோம்.

மண்டபம் முழுக்க நிசப்தம். ஒரு ஃபான் சுற்றுகிற சத்தம் மட்டும். என்ன செய்துவிட்டோம் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. தர்ஷி தடி இரண்டையும் தூக்கியபடி உறைந்துபோய் இருந்தாள். இன்னொருக்கா மைக்குக்கு முன்னால் நின்றார். வாய் மெல்லத் திறந்தது. கொட்டாஞ்சேனைதான், இப்போது "மன்னிக்கோணும்" என்று சொல்லப்போகிறார், ஒன்பது வருஷமும் போச்சு என்று நினைத்தேன்.

அவர் வாயை மூடினார். கண்ணையும் மூடினார். தலையைக் கொஞ்சம் கடற்கரைப் பக்கம் சாய்த்தார். அப்போது எனக்கும் அது கேட்டது. பெட்டி பெட்டியாக, யானைத் தலை ஆட, இல்லாத ரயில் ஒன்று போய்க்கொண்டிருந்தது. கடைசிப் பெட்டி தூரத்தில் அடங்கியது. யாரும் யாரையும் பார்க்கவில்லை, யாரும் எண்ணவில்லை. மூவரும் ஒன்றாக, ஒரு மயிரிழை முன்பின் இல்லாமல், மூன்றாம் அடிக்குள் இறங்கினோம். அப்படி நாங்கள் ஒருநாளும் வாசித்ததில்லை. சனம் அது பாட்டில் உள்ளதுதான் என்று நினைத்து எழும்பி நின்று கைதட்டியது. பிறகு அங்கிளின் ஃபோனை வாங்கிப் பார்த்தேன். அந்த நிசப்தத்தின்போது உலகத்தின் பல மூலைகளில் இருந்து பன்னிரண்டு பேரும் ஒரே வரியைத்தான் எழுதியிருந்தார்கள்: ரயில் போகுது.

மேடைக்குப் பின்னால் அவர் கண் மையை ரிசுக் கடதாசியால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் கோட்டுப் பைக்குள் கையை விட்டு இரண்டு கண்ணாடிக் கூடுகளை எடுத்து என் கையில் வைத்தார்.

"பம்பலப்பிட்டிக் கடை வேலையும் எங்களட்டைத்தான் வாறது, தம்பி."

எனக்கு நிலம் பிளந்தால் உள்ளே போகலாம் போல இருந்தது. எப்ப இருந்து தெரியும் அண்ணா என்று கேட்டேன். மூன்று கிழமையாகத் தெரியுமாம். வெளிநாட்டுக்குப் போகிறவனைத் தவிர ஒருவனும் இரண்டு சோடி ஒன்றாகச் செய்யமாட்டானாம்.

"பிறகேன் என்னை நிப்பாட்டேல்ல?"

மையைத் துடைக்கிறேன் என்று முகம் முழுக்க இழுத்துவிட்டிருந்தார்.

"பாட்டுச் சரிவரட்டும் சரிவரட்டும் எண்டு பன்னிரண்டு பேரை அனுப்பிப்போட்டன். ஒருத்தனோடயும் ஒரு முழுப் பாட்டுக்கு மேடையில நிக்கேல்ல. உன்னோடயாவது நிப்பம் எண்டு நினைச்சன்." பிறகு கூட்டைக் காட்டினார். "இடது வில்லை அரை மில்லிமீற்றர் விலகினது. அதுதான் பிந்தினது. இன்னொருக்கா செய்தனான்."

நான் அழுதேன். சொல்ல என்ன வெட்கம், அந்தக் கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நன்றாகவே அழுதேன். கோட்டு வேர்வையில் ஊறிப்போய் இருந்தது.

இப்போது அமாவாசையின் பதினாலாவது பேஸ்காரர் டெக்கரேஷன் அங்கிள். இந்த வயதில் பனியில் வழுக்கி விழ எனக்கென்ன விசரோ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் சேர்ந்தாராம்.

போன சனிக்கிழமை அவர்களுடைய நிகழ்ச்சி. அங்கே பின்னேரம், எனக்கு இங்கே கனடாவில் விடிகாலைத் தேத்தண்ணி. ஃபோனைச் சீனிப் போத்தலில் சாய்த்துவைத்து, அரை மில்லிமீற்றரும் விலகாத கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருந்தேன். தர்ஷி மணியைத் தட்டினாள். இரண்டாம் அடி முடிந்தது. மூவரும் கையை எடுத்தார்கள். அது இப்போது பாட்டின் பாகமாகிவிட்டது. மற்றப் பன்னிரண்டு பேரையும் முந்திக்கொண்டு நான்தான் முதலில் எழுதினேன், ரயில் போகுது என்று.

அங்கிள் அரை நொடி பிந்தி இறங்கினார். இன்னொருக்கா நிறுத்தவில்லை. அவரைப் பார்த்துச் சிரித்தார். பாட்டு முடிந்து கைதட்டல் ஓய்வதற்குள் நேரலை நின்றுபோனது. யாருமில்லாத குசினியில், கறுத்துப்போன திரையைப் பார்த்து நான் வாய்விட்டுச் சொன்னேன்: "இன்னொருக்கா, அண்ணா."